புதிய வகை எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: சம்மதக் கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை

மும்பை செம்பூரில் வசிக்கும் என் அக்காவுக்கு வயது 47, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 104 கிலோ. சர்க்கரை நோய் வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி மூன்று இடங்களில் ஆலோசனை கேட்டோம். முதல் இடத்தில் ஸ்லீவ் என்றார்கள். இரண்டாவது இடத்தில் மினி பைபாஸ் என்றார்கள். மூன்றாவது இடத்திலோ, கத்தியே படாமல் வாய் வழியாகக் குழாயை இறக்கி இரைப்பையை உள்ளேயே தைத்துவிடலாம், மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். ஒரே உடம்பு, ஒரே ரத்தப் பரிசோதனை அறிக்கை, மூன்று விடைகள். யாரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவரவர் தமக்குக் கைவந்ததைச் சொன்னார்கள். நமக்கு ஏற்றது எது என்று பார்க்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது. அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்று தட்டுத்தடுமாறி நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். அக்காவின் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள், அவ்வளவே.

எண்களில் தொடங்குங்கள்

மீட்டரில் உள்ள உயரத்தை அதே எண்ணால் பெருக்கி, கிலோவில் உள்ள எடையை அதனால் வகுத்தால் பிஎம்ஐ, அதாவது உடல் நிறை குறியீட்டெண், கிடைக்கும். அக்காவுக்கு அது 41.7 வந்தது. 1991-ல் அமெரிக்காவில் வகுத்த அளவுகோலின்படி, பிஎம்ஐ 40-ஐத் தொட்டவர்களுக்கும், 35-ஐத் தொட்டு இணைநோய்களும் உள்ளவர்களுக்கும் மட்டுமே இந்த அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டது. 2022-ல் சர்வதேச, அமெரிக்க பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு அறுவை) மருத்துவர் அமைப்புகள் இரண்டும் சேர்ந்து அதைத் தளர்த்தின. இப்போது 35-க்கு இணைநோய் தேவையில்லை. சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 30 முதலே யோசிக்கலாம். ஆசிய மக்களுக்கு இந்த வரம்பு 27.5 என்றே வைக்கப்பட்டிருக்கிறது. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோயும் சீக்கிரம் வந்துவிடுவதுதான் இதற்குக் காரணம். அக்காவின் உயரமுள்ள ஒரு பெண் 69 கிலோவிலேயே 27.5-ஐத் தாண்டிவிடுவார் என்பதையும் கவனிக்க வேண்டும். வழிகாட்டுதல் அனுமதிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக 69 கிலோ எடையில் இரைப்பையை வெட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த எடையில் சர்க்கரை எந்த மருந்துக்கும் கட்டுப்படாமல் இருந்தால் மட்டுமே அதைப் பற்றிப் பேச வேண்டும்.

எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளையும் இந்தக் கட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வீகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. பெரிய ஆய்வுகளில் வீகோவியில் உள்ள செமாகுளூடைடு ஏறத்தாழ 15 சதவீத எடையையும், மவுன்ஜாரோவில் உள்ள டிர்செபடைடு உயர்ந்த அளவில் ஏறத்தாழ 20 சதவீத எடையையும் குறைத்தன. நிறுத்தினால் எடை பெருமளவு திரும்பி வருகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததே. ஆகவே ஊசியை எத்தனை ஆண்டு போட முடியும், அதன் மாதச் செலவைக் குடும்பம் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே அறுவை சிகிச்சைப் பேச்சுக்கு வாருங்கள்.

‘புதியது’ என்ற சொல்லைச் சலித்தெடுங்கள்

எங்களை அதிகம் குழப்பிய சொல் இதுதான். ஒரு சிகிச்சை புதியது என்றால் அது முன்னேறியது என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. உண்மையில், பத்து ஆண்டு கழித்து அந்த உடம்பு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் குறைவு என்பதும் அதன் பொருள். 2001-ல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற இரைப்பைப் பட்டை, அதாவது இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு வளையத்தை மாட்டும் முறை, ஒரு காலத்தில் மிகுந்த வரவேற்பைப் பெற்றிருந்தது. பட்டை வழுக்குதல், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போதல், எதிர்பார்த்த அளவு எடை குறையாமை என்று சிக்கல்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட, பலருக்கு அதை மறுபடி திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. எனவே எந்த முறையைச் சொன்னாலும், இது எந்த ஆண்டு தொடங்கியது, ஐந்து ஆண்டு முடிந்தவர்களின் முடிவு என்ன என்ற இரண்டு கேள்விகளையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஒப்பிடுவதற்கு அடிப்படையாக ஸ்லீவை வைத்துக்கொள்ளலாம். இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழலை மட்டும் விட்டுவைக்கிறார்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. குடலைத் தொடுவதில்லை. மொத்த எடையில் கால் பங்கு அளவுக்குக் குறைவது வழக்கம். இதன் பெரிய குறை நெஞ்செரிச்சல்: ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அது கூடலாம், இல்லாதவர்களுக்கும் புதிதாக வரலாம்.

மினி பைபாஸ் அமெரிக்காவில் 1997-ல் ராபர்ட் ரட்லெட்ஜ் என்ற அறுவை மருத்துவர் தொடங்கியது. ஆகவே ‘புதியது’ என்று சொல்லப்படும் முறைகளில் இதற்கு வயது கொஞ்சம் கூடுதல். பைபாஸ் என்பது இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைக் குடலின் சற்றுக் கீழ்ப் பகுதியோடு நேராக இணைப்பது. பழைய பைபாஸில் குடலை இரண்டு இடங்களில் இணைக்க வேண்டும். இதில் ஒரே இணைப்பு. நேரம் குறைவு, வேலை எளிது, எடையும் சர்க்கரையும் நன்றாகவே குறைகின்றன. ஆனால் ‘மினி’ என்ற பெயரைக் கேட்டு இது சிறிய அறுவை சிகிச்சை என்று நினைத்துவிடக் கூடாது. குறைந்திருப்பது இணைப்பின் எண்ணிக்கை மட்டுமே. உணவு தொடாமல் ஒதுக்கப்படும் குடலின் நீளம் பழைய பைபாஸைவிடப் பெரும்பாலும் அதிகம். பிரான்சில் 253 பேரை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் எடைக்குறைவு இரண்டிலும் ஈடாகவே இருந்தது. வயிற்றுப்போக்கும் சத்துக்குறைபாடும் மட்டும் ஒற்றை இணைப்பில் கூடுதலாக இருந்தன. அந்த ஆய்வில் ஒதுக்கிய குடல் 200 சென்டிமீட்டர். ஆகவே மினி பைபாஸ் என்று ஒரு மருத்துவர் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எனக்கு எத்தனை சென்டிமீட்டர் ஒதுக்குவீர்கள்?” என்பதே. இந்தக் கேள்வியைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவதை நாங்கள் கண்ணால் கண்டோம். பித்தநீர் இரைப்பைக்குள் எதிர்த்து வருவது இந்த முறையின் தனிச் சிக்கல். அது தாங்க முடியாமல் போனால் இரண்டாவது அறுவை சிகிச்சை செய்து பழைய பைபாஸாக மாற்ற நேரிடும்.

ஸ்பெயினில் 2007-ல் தொடங்கிய சாடி என்ற முறை ஸ்லீவையும் நீண்ட குடல் ஒதுக்கீட்டையும் சேர்த்துச் செய்வது. அமெரிக்க பேரியாட்ரிக் மருத்துவர் அமைப்பு இதை 2020-ல் ஏற்றுக்கொண்டது. எடையை மிக வலுவாகக் குறைக்கிறது. அதற்கு ஈடாகப் புரதத்தையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் உடம்பு இழக்கும் அபாயம் உண்டு. எடை மிக மிக அதிகமாக இருப்பவர்களுக்கும், ஸ்லீவ் செய்தும் எடை திரும்பி வந்தவர்களுக்கும் இதை யோசிக்கலாம். பருப்பையும் தயிரையும் மட்டும் நம்பி வாழும் சைவக் குடும்பத்தில் முதல் அறுவை சிகிச்சையாகவே இதைத் தேர்ந்தெடுக்க எனக்குத் துணிவு வராது.

வாய் வழியாகத் தைக்கும் எண்டோஸ்கோப்பி முறையில் எதையும் வெட்டி எடுப்பதில்லை. இரைப்பையை உள்ளிருந்தே மடித்துத் தையல் போட்டுச் சுருக்குகிறார்கள். பெரிய சிக்கல்கள் குறைவு. அமெரிக்காவில் 209 பேரை வைத்து நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், ஓராண்டில் மொத்த எடையில் சராசரியாக 13.6 சதவீதம் குறைந்தது. உணவு, நடைப்பயிற்சி ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்குக் குறைந்தது 0.8 சதவீதம். நல்ல முடிவுதான். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் பிஎம்ஐ 30-க்கும் 40-க்கும் இடையில் இருந்தது; அக்கா அந்த வரம்புக்கே வெளியே இருக்கிறாள். அப்படியே அவளுக்கும் அது பலித்தாலும் 14 கிலோ குறைந்து 90-ல் நிற்பாள். மூன்றாவது இடத்தில் எங்களிடம் காட்டிய வண்ணத் தாளில் இந்தக் கணக்கு இல்லை. வீட்டுக்கு வந்து நாங்களே போட்டுப் பார்த்தோம். இரைப்பைக்குள் பலூன் வைக்கும் முறையைப் பற்றி ஒரு வரி போதும்: சில மாதங்களில் அது வெளியே வந்துவிடும், அதன் பிறகு எடையைக் காப்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

உங்கள் உடம்பே சில முறைகளைத் தள்ளிவிடும்

எந்த முறை சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த முறை உங்களுக்கு ஆகாது என்று கழித்துக்கொண்டே வருவது எளிது. இரவில் தலையணையை உயர்த்தி வைத்தால்தான் படுக்க முடிகிறதா, அடிக்கடி புளித்த ஏப்பம் வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் எண்டோஸ்கோப்பி பார்க்காமல் ஸ்லீவுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பரிசோதனையிலேயே, இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏனென்றால் பைபாஸுக்குப் பிறகு ஒதுக்கப்பட்ட இரைப்பைப் பகுதிக்குள் சாதாரண எண்டோஸ்கோப்பியால் போய்ப் பார்க்க முடியாது. மூட்டுவலிக்காக டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைப் போடுபவர்களும், புகைப்பவர்களும் பைபாஸ் செய்துகொண்டால் இணைப்பு இடத்தில் புண் வரும் அபாயம் கூடும். இந்த ஊரில் பல்லில் தேய்க்கும் மிஷ்ரியும் புகையிலைதான். “நான் சிகரெட் பிடிப்பதில்லை” என்று சொல்லிவிட்டு அதை மறைக்க வேண்டாம். மதுப் பழக்கத்தையும் மறைக்கக் கூடாது. பைபாஸுக்குப் பிறகு போதை வேகமாக ஏறுவதோடு, பழக்கம் அடிமைத்தனமாக மாறும் ஆபத்தும் கூடுகிறது.

சர்க்கரைக்காகவே இந்த அறுவை சிகிச்சையை நாடுபவர்கள், நோய் வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று, இன்சுலின் போடுகிறோமா என்பவற்றை வைத்து எதிர்பார்ப்பை அமைத்துக்கொள்ள வேண்டும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திறன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை காட்டும். அது குறைவாக இருந்தால் எடை குறையும்; ஆனால் சர்க்கரை முழுதாக விலகும் என்று எதிர்பார்க்க முடியாது. குழந்தை பெற விரும்பும் பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உட்கிரகிக்கப்படாமல் போகலாம் என்பதால் வேறு வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவர்கள் மயக்க மருந்துக்கு முன்பே தூக்கப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

வீட்டு அடுப்படியில் ஒரு ஒத்திகை

எந்த ஆலோசனை அறையிலும் தெரியாத ஒன்று எங்கள் வீட்டு அடுப்படியில் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். அக்கா ஒரு வாரம் தான் சாப்பிட்டதை எல்லாம் எழுதி வைத்தாள். காலையில் நான்கு இட்லி, மதியம் சாம்பார் சாதமும் பொரியலும் தயிரும், மாலையில் பில்டர் காபியோடு மிக்சர், இரவில் மூன்று சப்பாத்தி. வயிறு நிறைய உண்டும் புரதம் 60 கிராமைத் தொடவில்லை. ஓர் இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம்தான். இரைப்பை சுருங்கிய பிறகு நான்கு இட்லி எங்கே போகும்? பனீர், கெட்டித் தயிர், முட்டை, புரதப் பொடி ஆகியவற்றில் எதை அன்றாடம் அலுக்காமல் உண்ண முடியும் என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்த வாரம் உண்ணும் முறையை ஒத்திகை பார்த்தோம். இருமல் மருந்துப் புட்டியோடு வரும் மூடியில் தண்ணீரை அளந்து, கால் மணிக்கு ஒரு முறை சிறிது சிறிதாகக் குடிப்பது; சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி இடைவெளி விடுவது; அரை இட்லியை 20 நிமிடம் மென்று தின்பது. முதல் நாள் அக்கா எவர்சில்வர் தட்டில் அரை இட்லியை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏழாவது நிமிடத்தில் தட்டு காலி. “ஏண்டி, இதையா வாழ்நாள் பூரா பண்ணச் சொல்றாங்க?” என்று கேட்டாள். அரை இட்லி முதல் சில மாதங்களுக்குத்தான். மெதுவாக மெல்வதும், தண்ணீரைத் தள்ளிக் குடிப்பதும், இனிப்பைக் கண்டால் ஒதுங்குவதும் வாழ்நாள் முழுக்கத்தான். பைபாஸ் செய்தவர்கள் ஒரு கிண்ணம் பாயசத்தை அவசரமாகக் குடித்தால் அடுத்த சில நிமிடங்களிலேயே படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். ஐந்தாவது நாள் அவளுக்குப் பதினைந்து நிமிடம் பழகியது. பழகாமலே போயிருந்தால் நான் அவளை மேற்கொண்டு போக விட்டிருக்க மாட்டேன்.

மாத்திரைகளும் இப்படித்தான். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை பைபாஸ் வகைகளில் வாழ்நாள் துணை; கூடவே ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை. இப்போது சர்க்கரை மாத்திரையையே வாரத்தில் இரண்டு நாள் மறப்பவர் என்றால், குடலை அதிகம் ஒதுக்கும் புதிய முறைகள் அவருக்கு ஆபத்தானவை. ஓய்வுக்குப் பிறகு திருநெல்வேலிப் பக்கமோ பாலக்காட்டுப் பக்கமோ ஊரோடு போய்விடும் எண்ணம் மும்பைத் தமிழர் பலருக்கு உண்டு. அங்கே இந்தப் பரிசோதனைகளை யார் பார்த்துச் சொல்வார்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். விடாமல் வாந்தி எடுத்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பே பாதிக்கப்படலாம். “சரியாகிவிடும்” என்று இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கும் விஷயம் அல்ல அது.

பணமும் காப்பீடும்

மருத்துவ வரம்பும் காப்பீட்டு வரம்பும் ஒன்றல்ல. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதிப்படி, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மருத்துவரின் பரிந்துரை வேண்டும். பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையெனில் 35-ஐத் தொட்டு, கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் போன்றவற்றில் ஒன்றாவது இருந்து, எளிய வழிகள் பலிக்கவில்லை என்ற நிலையும் இருக்க வேண்டும். பிஎம்ஐ 32-ல் மருத்துவர் பரிந்துரைத்தாலும் காப்பீடு கைவிரித்துவிடலாம். காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று பாலிசியில் பாருங்கள். எண்டோஸ்கோப்பி முறைக்கும் பலூனுக்கும் பணம் உண்டா என்று தனியாக, எழுத்து மூலம் கேளுங்கள்.

ஒரு மருத்துவமனை எங்களுக்குத் தந்த மதிப்பீட்டுத் தாளில், இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் கருவிக்கான தோட்டாக்களின் விலை சேர்க்கப்படவில்லை. “அது எத்தனை ஆகுமோ அன்றைக்குத்தான் தெரியும்” என்று கவுன்ட்டரில் சொன்னார்கள். அந்தத் தொகை சிறியதல்ல என்பது வேறு இடத்தில் விசாரித்தபோதுதான் புரிந்தது. சிக்கல் வந்து கூடுதல் நாட்கள் தங்க நேர்ந்தால் யார் செலவு, முதல் ஆண்டின் ஆலோசனைகள் தொகுப்பில் சேருமா, மறு அறுவை வந்தால் என்ன ஆகும் என்பவற்றையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இன்னும் சில. இந்தக் குறிப்பிட்ட முறையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேரை மறுபடி அறுவை அறைக்குக் கொண்டுபோக நேர்ந்தது? ஐந்து ஆண்டு கழித்தும் எத்தனை பேர் உங்களிடம் வருகிறார்கள்? உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்றை ஒட்டியது என்ற அளவுக்கு இந்தத் துறை பாதுகாப்பாகிவிட்டது உண்மைதான். ஆனால் தையல் கசிவு அரிதாகவேனும் வருகிறது. வீட்டுக்கு வந்த பிறகு நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோ இடது தோள்வலியோ வந்தாலோ நள்ளிரவில் யாரை அழைக்க வேண்டும் என்ற எண்ணைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் மருத்துவமனைக்குப் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதும் மும்பையில் கேட்டே ஆக வேண்டிய கேள்விதான். நாங்கள் தேதியை ஜூலையிலிருந்து தள்ளிவைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்காவின் எண்டோஸ்கோப்பியில் ஹயாட்டஸ் ஹெர்னியா தெரிந்தது. இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் ஏறியிருந்தது. அவளுடைய இரவு நேர நெஞ்செரிச்சலுக்கு அதுதான் காரணம். அதோடு ஸ்லீவ் கழிந்தது. நெஞ்செரிச்சலுக்கு மேல் பித்தநீரும் வேண்டாம் என்று மினி பைபாஸையும் விட்டோம். தையல் முறை எடைக் கணக்கிலேயே கழிந்துவிட்டது. மிஞ்சியது மூன்று இடங்களிலும் யாரும் முதலில் சொல்லாத, 1960-களில் பிறந்து பின்னர் திருத்தப்பட்ட பழைய இரட்டை இணைப்பு பைபாஸ். நான்காவதாகப் பார்த்த மருத்துவரும் அதையே சொன்னார். புதிய முறையைத் தேடிப் போனவர்கள் பழையதில் வந்து நின்றோம். வேறொருவருடைய அறிக்கைகளை வைத்து இதே கழித்தலைச் செய்தால் விடை வேறாக இருக்கும்.

சம்மதப் படிவத்தில் அச்சாகியிருந்தது ‘பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை’ என்ற மூன்று சொற்கள் மட்டுமே. எந்த முறை, குடலில் எத்தனை சென்டிமீட்டர், ஹெர்னியாவையும் சேர்த்துச் சரிசெய்வார்களா, உள்ளே பார்த்த பிறகு திட்டம் மாறினால் வேறு எதைச் செய்ய அனுமதி என்ற நான்கையும் கையால் எழுதித் தரும்படி கேட்டோம். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. பேனாவைத் திறந்து ஓரத்தில் எழுதினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்து, ஒரு சொல் புரியாமல் கேட்டு, பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.